ஒரு கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்கு: நீடிக்கும் காதலைப் பாடும் கன்ட்ரி டூயட்டின் உள்கட்டமைப்பு

அமெரிக்காவின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையில் புகழ்பெற்ற டூயட்டான 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்' பாடலை நூறு முறை கேட்டவர்கள்கூட ஓரிடத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். பாடகர் கென்னி ரோஜர்ஸ் முதல் சரணத்தைப் பாடுகிறார். இருவரும் சேர்ந்து பல்லவியை முடிக்கிறார்கள். அடுத்து பாடகி டாலி பார்ட்டன் இரண்டாம் சரணத்தை எடுக்கிறார். அந்த நொடியில் பாட்டின் சுருதியே மாறிவிடுகிறது. அதுவரை சி மேஜரில் இருந்த பாட்டு ஏ ஃப்ளாட் மேஜருக்குப் போய்விடுகிறது. ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்கு.

ஆண் ஒரு கட்டை, பெண் ஐந்தரைக் கட்டை. இதைப் படித்ததும் நம் ஊர்க் கச்சேரி மேடைகளை அறிந்தவர்களுக்குக் காரணம் பிடிபட்டிருக்கும். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் இயல்பாக அமையும் சுருதிகள் ஏறக்குறைய இவைதான். நம் திரைப்பாடல் டூயட்டுகளில் பெரும்பாலும் இருவரும் ஒரே சுருதியில் பாடுவார்கள். அதனால் பாடகி மேல் ஸ்தாயியில் வெகுதூரம் ஏற வேண்டியிருக்கும். அந்த உயரமே ஓர் அழகாக நமக்குப் பழகிவிட்டது. கன்ட்ரி இசையில் அது எடுபடாது. அங்கே பாட்டு என்பது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்க வேண்டும். நெஞ்சுக்குரலில், பேச்சின் உயரத்தில், ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். பாடகி உச்சத்துக்கு ஏறிவிட்டால் அந்தப் பேச்சுத்தன்மை போய்விடும். அவள் பதில் சொல்வது போல இருக்காது, அறிவிப்பது போல இருக்கும். வாழ்நாள் முழுக்க உன்னோடு இருப்பேன் என்பது அறிவிப்பாகிவிட்டால் கேட்பவர் நம்ப மாட்டார்.

நீடிக்கும் காதலைப் பாடும் டூயட்டில் 'நீடிப்பு' வரிகளில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி குரல்களை அடுக்கும் விதத்தில் இருக்கிறது. யார் முதலில் தொடங்குகிறார், மற்றவர் எந்த இடத்தில் சேர்கிறார், சேரும்போது மேலே யார் கீழே யார், கடைசிச் சுரத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் அதில் அடங்கும். இந்தப் பாடலை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் அது தெளிவாகும்.

எழுதியவர்கள் கன்ட்ரி உலகத்தவர்கள் அல்லர். பீ ஜீஸ் என்ற பாப் குழுவின் சகோதரர்களான பாரி, ராபின், மாரிஸ் கிப் மூவரும் சேர்ந்து எழுதியது. தலைப்பு, எர்னஸ்ட் ஹெமிங்வே இறந்தபின் 1970-ல் வெளிவந்த நாவலின் பெயர். கென்னியின் 'ஐஸ் தட் சீ இன் த டார்க்' ஆல்பத்துக்காகத் தயாரானது. பாரி கிப், கார்ல் ரிச்சர்ட்சன், ஆல்பி கலூட்டன் மூவரும் தயாரிப்பாளர்கள். முதலில் கென்னி தனியாகத்தான் பாடிப் பார்த்தார். நாள் கணக்கில் பாடியும் பாட்டு உட்காரவில்லை, சலித்தே போய்விட்டது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதற்கு டாலி வேண்டும் என்று பாரி சொல்ல, அவரை வரவழைத்துப் பாட வைத்தார்கள்.

தனிக்குரலில் ஏன் உட்காரவில்லை? பாட்டின் கருத்து இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகவே முடிவோம், ஒருவரையொருவர் நம்பி நிற்போம் என்பது. இதை ஒருவர் மட்டும் சொன்னால் அது வேண்டுகோள். எதிரிலிருப்பவரின் சம்மதம் பாட்டுக்குள் இல்லை. சம்மதம் இல்லாத 'என்றென்றும்' என்பது ஒருதலைக் காதலின் குரல். பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்தக் குறை நெருடும். இரண்டாவது குரல் வந்ததும் அதே வரிகள் ஒப்பந்தமாகிவிடுகின்றன.

டாலியை உடனே அழைக்க முடிந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அப்போது இருவருமே ஆர்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கலைஞர்கள். பாடகர்கள் வேறு வேறு நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இருந்தால் டூயட்டுக்கு அனுமதி வாங்குவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடக்கூடும். கன்ட்ரி பாடகர்களான ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் 1969-ல் திருமணம் செய்துகொண்டார்கள். கணவன் மனைவியாகவே இருந்தும் அவர்களின் முதல் டூயட் சிங்கிள் வந்தது 1971-ல்தான். ஜோன்ஸ் மியூசிகார் நிறுவனத்தை விட்டு, வைனெட் இருந்த எபிக் நிறுவனத்துக்கு வந்த பிறகே அது நடந்தது.

இனி அந்தச் சுருதி மாற்றத்துக்குள் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு கச்சிதம் என்று புரியும்.

ஓர் உதாரண மெட்டை எடுத்துக்கொள்வோம். அது ச-வில் தொடங்கி மேல் ஸ்தாயி க வரை போகிறது. பத்துச் சுர அகலம். சாதாரணமாக, சற்றே கனத்த ஆண் குரலுக்கு வசதியான உச்சம் நடு சி-க்கு (பியானோவின் நடுவில் உள்ள சி) அடுத்து வரும் இ. ஒரு கட்டையில் பாடினால் மெட்டின் உச்சம் சரியாக அந்த இ-யில் போய் நிற்கும். அதே மெட்டை அதே சுருதியில் ஒரு பெண் ஒரு ஸ்தாயி மேலே பாடினால், அவள் உச்சம் அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே உள்ள இ. நெஞ்சுக்குரலில் பாடும் பெரும்பாலான பாடகிகளுக்கு நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-தான் வசதியான எல்லை. அதாவது நான்கு அரைச்சுரம் அதிகம் (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் எண்ணினால் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்). அந்த நான்கை இறக்கினால் சி என்பது ஏ ஃப்ளாட் ஆகிறது. ஒரு கட்டை ஐந்தரைக் கட்டை ஆகிறது. அவள் உச்சம் அவள் எல்லையில் சரியாக உட்காருகிறது.

நான்கு அரைச்சுரம் தள்ளியுள்ள சுருதிக்குத் தாவினால் காது தடுக்கி விழாதா? விழாது. இரண்டு சுருதிகளுக்கும் பொதுவாக ஒரு சுரம் இருக்கிறது. சி மேஜரில் ச-வாக இருந்த அதே சி, ஏ ஃப்ளாட் மேஜரில் அந்தர காந்தாரமாகிவிடுகிறது. கிரக பேதம், அதாவது ச-வின் இடத்தை வேறு சுரத்துக்கு மாற்றிப் பாடுவது, கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. சுரம் அங்கேயே நிற்கிறது, தரை மட்டும் கீழே நகர்கிறது. வழக்கமான கன்ட்ரி பாடலில் கடைசிப் பல்லவியை அரைச்சுரமோ ஒரு சுரமோ ஏற்றிப் பாடுவார்கள். அது உற்சாகத்தைக் கூட்டும் உத்தி. இங்கே நடப்பது அதுவல்ல. இன்னொருவர் வந்ததும் அவருக்கு ஏற்றபடி வீட்டையே மாற்றிக் கட்டுவது. பாட்டின் பொருளோடு இவ்வளவு பொருந்தும் சுருதி மாற்றம் அபூர்வம்.

சேர்ந்து பாடும் இடத்தில்தான் அடுத்த சிக்கல். முதல் பாதியில் மெட்டு ஆணிடம் இருந்தால் பெண் மூன்றாம் சுரம் மேலே ஹார்மனி, அதாவது மெட்டோடு ஒரே நேரத்தில் இசைந்து ஒலிக்கும் வேறு சுரங்கள், பாடலாம். அவர் க-வில் இருக்கும்போது அவள் ப-வில் இருப்பாள். அது சுகமான உயரம். ஆனால் மெட்டு ச-வுக்கு இறங்கும்போது அவள் க-வுக்கு இறங்க வேண்டும், ஒரு கட்டையில் அது பெண் குரலுக்கு ஆழம். காற்றுதான் வரும், சுரம் வராது. அந்த வரித் தொடக்கங்களில் அவள் பேசாமல் இருந்துவிட்டு, மெட்டு ஏறும்போது சேர்வதே சரி.

சுருதி மாறிய பிறகு நிலைமை தலைகீழ். இப்போது மெட்டு பெண்ணிடம். ஆண் அவளுக்கு மூன்றாம் சுரம் கீழே பாடலாம் என்று முதலில் தோன்றும். பாடிப் பார்த்தால் தொண்டை கிழியும். அவள் உச்சத்தில் சி-யில் இருக்கும்போது அவர் ஏ ஃப்ளாட்டில் இருக்க வேண்டும், அது அவருடைய எல்லையைவிட நான்கு அரைச்சுரம் மேலே. வழி என்னவென்றால், மூன்றாம் சுரம் மேலே இருக்க வேண்டிய ஹார்மனியை எடுத்து ஒரு ஸ்தாயி இறக்குவது. அப்போது அது மெட்டுக்கு ஆறாம் சுரம் கீழே அமையும். அவள் க, அவர் ப. அவள் ச, அவர் கீழ் க. உச்சத்தில்கூட அவர் இ ஃப்ளாட்டில்தான் நிற்பார். எல்லைக்கு அரைச்சுரம் உள்ளே. மூன்றாம் சுர ஹார்மனி நெருக்கமாகக் கேட்கும், உடன்பிறப்புகள் பாடுவது போல. ஆறாம் சுர ஹார்மனியில் நடுவே இடம் இருக்கும், இரண்டு ஆட்களும் தனித்தனியாகத் தெரிவார்கள். தம்பதியரின் பாட்டுக்கு ஆறுதான் பொருத்தம் என்பது கட்டுரையாளரின் திட்டவட்டமான கருத்து.

இந்தக் கணக்கைச் செய்யாதவர்கள் வழக்கமாக விழும் குழி, நடுவில் ஒரு சுருதியைப் பிடிப்பது. அவருக்கு ஒன்று, அவளுக்கு ஐந்தரை, ஆகவே மூன்றில் வைத்துக்கொள்வோம் என்பார்கள். அதில் அவர் உச்சத்தில் கத்துவார், இல்லையேல் அவள் அடியில் முனகுவாள். இருவருமே தங்கள் குரலின் மோசமான பகுதியில் பாடுவார்கள். சமரசம் காதலுக்கு நல்லதாக இருக்கலாம், சுருதிக்கு நல்லதல்ல.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடங்களில் இதைச் சோதிப்பது எளிது. அங்கே வாத்தியக்காரர்கள் கார்டுகளை (சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) பெயரால் எழுதுவதில்லை, எண்ணால் எழுதுகிறார்கள். 1950-களின் பிற்பகுதியில் ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மேத்யூஸ் குரல் குழுவுக்காகத் தொடங்கிய முறை. பிறகு சார்லி மக்காய் போன்ற வாத்தியக்காரர்கள் அதை விரிவாக்கினார்கள். ச-வில் கட்டிய கார்டு 1, ம-வில் கட்டியது 4, ப-வில் கட்டியது 5. தாளில் 1, 4, 5 என்று இருந்தால் எந்தச் சுருதியிலும் அதே தாளை வைத்து வாசிக்கலாம். பாடகி வந்து அரைச்சுரம் இறக்குங்கள் என்றால் ஒரு நிமிடம்கூட வீணாகாது. அதனால் டூயட் பாடுபவர்கள் சுருதியைத் தாளில் முடிவு செய்யக் கூடாது. மெட்டின் உச்ச வரியை மட்டும் எடுத்து, மூன்று சுருதிகளில், ஒவ்வொன்றிலும் நான்கைந்து முறை பாடிப் பார்க்க வேண்டும். முதல் முறை எல்லாச் சுருதியும் சரியாகத்தான் இருக்கும். ஐந்தாம் முறைதான் குரல் உண்மை சொல்லும்.

ஹார்மனியில் இன்னொரு நுட்பம் உண்டு. தம்புராவை மீட்டிவிட்டுக் காதைக் கொடுத்தால் ச-வுக்குள்ளிருந்து ஓர் அந்தர காந்தாரம் தானாக எழும். அந்த இயற்கையான காந்தாரம் பியானோவிலும் கீபோர்டிலும் உள்ள காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு தாழ்ந்தது. 100 சென்ட் கொண்ட அரைச்சுரத்தில் ஏறக்குறைய 14 சென்ட். வாத்தியம் இல்லாமல் இருவர் ஹார்மனி பாடினால் குரல் தானாக இந்த இயற்கைக் காந்தாரத்துக்குப் போகும். பழைய கன்ட்ரி சகோதரர் இணைகளின் பாடலில் கேட்கும் அந்தப் பூட்டிக்கொண்ட ஒலி இதிலிருந்து வருவது. பக்கத்தில் பியானோ அழுத்தமாக அதே காந்தாரத்தை வாசித்தால் இரண்டும் உரசும். பாடகி சுருதி இறங்கிப் பாடுகிறாள் என்று தோன்றும். தவறு அவளுடையதல்ல. பியானோ வாசிப்பவரிடம் அந்த இடத்தில் காந்தாரத்தை விட்டுவிட்டு ச-ப மட்டும் வாசிக்கச் சொன்னால் தீர்ந்தது. கம்பிகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார்காரர்கள் தங்கள் காந்தாரங்களைச் சற்றே இறக்கி ட்யூன் செய்துகொள்வதும் இதனால்தான். கன்ட்ரி டூயட்டுக்குப் பின்னால் அந்த வாத்தியம் அவ்வளவு இதமாகப் படிவதில் அதற்குப் பங்குண்டு.

மைக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே அறையில் இருவரும் பாடினால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கசியும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு, இரண்டு மைக்குகளுக்கும் இடையே இருக்க வேண்டும் என்பது பொது விதி. வாயிலிருந்து 20 செ.மீ. என்றால் மைக்குகளுக்கிடையே 60 செ.மீ. எதிரெதிரே முகம் பார்த்து நிற்பது நல்லது. மூச்சும் வாயசைவும் தெரியும். தனித்தனியாகப் பதிவு செய்தால் திருத்துவது சுலபம், ஆனால் இரண்டாவதாகப் பாடுபவர் முதல்வரின் நிழலாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

எந்த முறையில் பதிந்தாலும் அதிகம் கெடுவது வரிகளின் முனை. ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் ட், ஸ், க் போன்ற மெய்யொலிகளில் முடிகின்றன. இருவரும் ஒரு நொடியின் சிறு பகுதி முன்பின்னாக அந்த ட்-ஐ உச்சரித்தால் 'ட்-ட்' என்று இரட்டையாகக் கேட்கும், கதவை யாரோ தட்டுவது போல. இதற்கு நெடுங்காலமாக உள்ள வழி: வரியின் கடைசி மெய்யை மெட்டு பாடுபவர் மட்டும் உச்சரிப்பது, ஹார்மனி பாடுபவர் உயிரொலியிலேயே மெல்ல விட்டுவிடுவது. அதே போல, நீண்ட சுரத்தில் இருவரும் வெவ்வேறு வேகத்தில் குரலை அசைத்தால் சேர்க்கை கலங்கும். ஹார்மனிக் குரல் முதலில் நேராக நின்று, கடைசியில் மட்டும் அசையலாம். டாலியின் குரலில் வேகமான அசைவு உண்டு, கென்னியின் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. அப்படி இரண்டு தெளிவாக வேறுபட்ட குரல்கள் சேரும்போது இந்த ஒழுங்கு இன்னும் அவசியம்.

ஒலி அளவு பற்றி ஒரு சொல். காது எப்போதும் மேலே உள்ள குரலையே மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். முதல் பாதியில் பெண்ணின் ஹார்மனி மேலே இருப்பதால் அதை 2 அல்லது 3 டெசிபல் குறைத்து வைக்காவிட்டால் பாட்டு கை மாறிவிட்டது போலக் கேட்கும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் செய்யப்படும் பிழை, முதல் வரியிலிருந்தே இருவரும் சேர்ந்து பாடுவது. கேட்க இனிமைதான். ஆனால் அப்புறம் சேர்வதற்கு எதுவும் மிச்சமில்லை. ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டிருந்து, பிறகு பதில் சொல்ல, அதன்பின் இருவரும் சேர வேண்டும். 'ஐலண்ட்ஸ்' நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பாட்டு. அதில் கென்னி தனியாகத் தொடங்கும் அந்தச் சில வரிகள்தான் பின்னால் வரும் சேர்க்கைக்கு எடை தருகின்றன.

பலன் தெரிந்ததே. 1983 ஆகஸ்டில் வெளியாகி, அக்டோபர் இறுதியில் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பொதுப் பட்டியலில் முதலிடம், கன்ட்ரி பட்டியலிலும் முதலிடம். அமெரிக்காவில் 20 லட்சம் பிரதிகளுக்குப் பிளாட்டினம் சான்றிதழ். 2005-ல் சிஎம்டி என்ற கன்ட்ரி இசைத் தொலைக்காட்சியின் சிறந்த கன்ட்ரி டூயட் வரிசையிலும் இதுவே முதல்.

இத்தனைக்கும் கென்னியும் டாலியும் காதலர்கள் அல்லர், நண்பர்கள். டாலி 1966-லேயே கார்ல் டீனை மணந்தவர். ஜார்ஜியா மாநிலத்தின் ரிங்கோல்ட் ஊரில் நடந்த அந்தத் திருமணம் 2025 மார்ச்சில் கார்ல் இறக்கும் வரை நீடித்தது. மூன்றாண்டுகள் கழித்து அதே ரிங்கோல்டில் மணம் செய்துகொண்ட இன்னொரு ஜோடிதான் ஜோன்ஸும் வைனெட்டும். விடாமல் பிடித்துக்கொண்டிருப்போம் என்று அவர்கள் பாடிய 'வியர் கோனா ஹோல்ட் ஆன்' 1973-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. ஜோன்ஸும் ஏர்ல் மான்ட்காமெரியும் எழுதியது. 1975-ல் மணமுறிவு. அடகுக் கடையில் தொடங்கி அடகுக் கடையிலேயே முடியும் ஒரு மோதிரத்தின் கதையான 'கோல்டன் ரிங்' 1976-ல் அவர்கள் குரலில் வந்து அதுவும் முதலிடம் பெற்றபோது இருவரும் பிரிந்திருந்தார்கள். ஆனால் 1973-ன் பாட்டை இன்று கேட்டாலும் பொய்யாகத் தோன்றுவதில்லை. இருவரும் ஒருவர் வரியின் முனையை மற்றவர் எடுத்துக்கொள்ளும் விதம் அப்படி. தயாரிப்பாளர் பில்லி ஷெரிலின் காதுக்கும் அதில் பங்கு உண்டு.

வரிகளைப் பொறுத்தவரை, நீடிக்கும் காதலைப் பாடும் பாட்டுக்குப் பிறவிக் குறை ஒன்று இருக்கிறது. அதில் சண்டை இல்லை, பிரிவு இல்லை, ஆகவே கதை இல்லை. எதையாவது எதிரே நிறுத்தியாக வேண்டும். கிப் சகோதரர்கள் கடலை நிறுத்தினார்கள். இரண்டு பேரும் தீவுகள், சுற்றிலும் ஓடும் நீர். ஜோன்ஸின் பாட்டில் 'பிடித்துக்கொள்வோம்' என்ற சொல்லே ஏதோ இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. 1999-ல் கன்ட்ரி பாடகர் கிளின்ட் பிளாக் எழுதித் தன் மனைவி லிசா ஹார்ட்மனுடன் பாடிய 'வென் ஐ செட் ஐ டூ' வேறு வழி கண்டது. அமெரிக்கத் திருமணத்தில் மணமக்கள் சொல்லும் இரண்டு சொல் சம்மதத்தை எடுத்து, அதை இறந்தகாலத்தில் வைத்தது: அன்று நான் அப்படிச் சொன்னேனே, அதன் பொருள் இனிமேலும் என்பதுதான். எதிரே நிற்பது காலம். இருவரும் 1991-ல் மணந்தவர்கள், பாட்டு வந்தபோது ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மின்சார வாத்தியமே இல்லாமல் செய்த 'டிலெக்ட்ரிஃபைட்' ஆல்பத்தில் இடம்பெற்றது. லிசா பெரும்பாலும் தொலைக்காட்சி நடிகையாக அறியப்பட்டவர். சுற்றிலும் வாத்திய இரைச்சல் இல்லாததால் அவர் குரலை உரக்கத் தள்ள வேண்டிய தேவையே வரவில்லை. கன்ட்ரி பட்டியலில் இதுவும் முதலிடம்.

மேடையில் 'ஐலண்ட்ஸ்' பாட விரும்புபவர்களுக்கு முடிவு ஒரு தலைவலி. இசைத்தட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வந்து மெல்ல மங்கி மறைகிறது. மேடையில் மங்க முடியாது. கடைசி வரியை இரண்டு முறை பாடி, மூன்றாவது முறை வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே வழக்கம். அந்தக் கடைசிச் சுரத்தில் இருவரும் ச-வில் வந்து நின்றால் ஒலி சுருங்கிவிடும். அவர் ச, அவள் க என்று நிற்க வேண்டும். எப்போது விடுவது என்பதை அவள் தலையசைப்பில் முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படியொரு பாட்டைப் பல ஆண்டுகள் பாடுபவர்கள் சுருதியையும் அவ்வப்போது திரும்பப் பார்க்க வேண்டும். கென்னியும் டாலியும் கடைசியாக ஒரே மேடையில் இதைப் பாடியது 2017 அக்டோபரில், நாஷ்வில் பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கில். கென்னிக்கு 79 வயது, பக்கத்தில் நின்ற டாலிக்கு 71. பாட்டு வந்து 34 ஆண்டுகள். அந்த வயதில் உச்சம் குறைவது இயற்கை. யார் பாடினாலும், ஆண் ஒரு கட்டையிலிருந்து ஆறரைக்கு இறங்கினால் பெண் ஐந்தரையிலிருந்து நாலரைக்கு இறங்க வேண்டும். இருவருக்கும் இடையே உள்ள நான்கு அரைச்சுர இடைவெளி மாறாது. வாத்தியக்காரர்களின் தாளில் உள்ள எண்களும் மாறாது.